வீட்டு ஆளை போலீஸ் கூட்டிக்கொண்டு போனால்: முதல் 24 மணி நேரம்

சித்தி வீட்டில் ராத்திரி சாப்பிட உட்கார்ந்த நேரம். வாசலில் இரண்டு பைக், மஃப்டியில் மூன்று பேர். "தம்பி, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ, சின்ன விசாரணைதான்" என்று சொல்லி, சித்தி மகனை நடுவில் உட்காரவைத்துக் கொண்டு போய்விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்கக்கூட அங்கே இருந்த யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு விடியும்வரை ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார், எல்லா இடத்திலும் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்ற ஒரே பதில். சித்தி மட்டும், ஏன் என்று அவருக்கே தெரியாமல், தினசரி காலண்டரில் அன்றைய தாளின் ஓரத்தில் '9.40க்கு கூட்டிட்டுப் போனாங்க' என்று பென்சிலால் எழுதி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து ரிமாண்ட் காகிதத்தை, அதாவது காவலில் வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் போலீஸ் கொடுத்ததைப் பார்த்தால், 'மறுநாள் மாலை பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றவரைப் பிடித்து விசாரித்ததில்' என்று இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போனவன் எப்படி மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றான்? வக்கீல் முதலில் கேட்டு வாங்கியது அந்தக் காலண்டர் தாளைத்தான்.

அதனால் இந்தக் குறிப்பை பிடிபட்டவருக்காக எழுதவில்லை. அவர் கையில் அந்த நேரத்தில் போன்கூட இருக்காது. வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். யாரையும் தன்னிச்சையாகக் கைது செய்யக்கூடாது என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 9ஆவது பிரிவில் சொல்கிறது. நம் அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு இன்னும் கறாராக, காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பிய வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. கொலை செய்தவனுக்கும் இது உண்டு, ஒன்றுமே செய்யாதவனுக்கும் உண்டு. ஆனால் அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும், வம்பே அங்கேதான்.

வாசலில் நிற்கும்போது

கத்தாதீர்கள், சட்டையைப் பிடிக்காதீர்கள், அது தனியாக ஒரு வழக்காகிவிடும். மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: எந்த ஸ்டேஷன், உங்கள் பெயர் என்ன, இது கைதா விசாரணையா. கைது செய்ய வரும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பதில் சொல்லாவிட்டால் வண்டி நம்பரைப் பாருங்கள்.

"விசாரணைதான்" என்று சொன்னால், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்திருக்கிறது. அதில் சாட்சியாகக் கூப்பிட 179ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் என்ற முறையில் ஆஜராகச் சொல்ல 35(3). ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இந்த நோட்டீஸின் பலம் அதில்தான் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் கண்டிப்பாகப் போங்கள், போகாமல் இருந்தால் அதையே காரணம் காட்டிக் கைது செய்யலாம். ஆனால் இந்த 35ஆவது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

இன்னொன்று, நம் ஊரில் அடிக்கடி நடப்பது. மகன் கிடைக்கவில்லை என்றால் அம்மாவைக் கூட்டிப்போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைப்பார்கள். சாட்சி விசாரணை என்று சொல்லி ஒரு பெண்ணையோ, 15 வயதுக்குக் குறைந்தவரையோ, 60 வயதைத் தாண்டியவரையோ, மாற்றுத்திறனாளியையோ, கடுமையான நோயில் இருப்பவரையோ ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். "கேளுங்க சார், உட்காருங்க, இங்கேயே பதில் சொல்றோம்" என்று சொல்லி ஒரு நாற்காலியை எடுத்துப் போடுங்கள், சட்டப்படி சரியான பதில் அதுதான். பெண்களைப் பொழுது சாய்ந்ததற்கும் விடிவதற்கும் இடையில் கைது செய்யக்கூடாது. தவிர்க்க முடியாத சூழல் என்றால் பெண் அதிகாரி ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கவே கூடாது. அப்படி நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள்.

நேரத்தை எழுதுங்கள், எழுதியதை அனுப்புங்கள்

தந்தி இருந்த காலத்தில் வக்கீல்கள் செய்யும் முதல் வேலை, உள்துறைச் செயலாளருக்கும் எஸ்.பி.க்கும் உயர் நீதிமன்றத்துக்கும் ஒரு தந்தி அடிப்பது. அதை யார் படிக்கிறார்கள் என்பது அப்புறம். தந்தியில் தந்தி அலுவலகம் போட்ட தேதியும் நேரமும் இருக்கும், அதை யாரும் மாற்ற முடியாது, வேண்டியது அதுதான். 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். ஆனாலும் வேலை மாறவில்லை. 112க்கோ 100க்கோ போன் செய்து, இத்தனை மணிக்கு இன்னாரைக் கூட்டிப் போனார்கள், எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்று சொல்லுங்கள், அந்த அழைப்பு உங்கள் போனில் நேரத்தோடு பதிவாகும். மாவட்ட எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். விடிந்ததும் அதே விஷயத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நாலே வரி போதும்: யார், எத்தனை மணிக்கு, எங்கிருந்து, யார் பார்த்தார்கள். 'என் மகன் அப்பாவி, தங்கமான பையன்' என்றெல்லாம் அதில் எழுத வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடைக்காரர் யாராவது பார்த்திருந்தால் அன்றே பேசி வையுங்கள். தெருவில் கடை கேமரா இருந்தால் பதிவை உடனே கேட்டு வாங்குங்கள், பல கேமராக்களில் சில நாட்களில் பழையது அழிந்துவிடும்.

ஸ்டேஷனில்

தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகவும் போகாதீர்கள். வக்கீலோடு போனால் நல்லது. கையில் காசில்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், அது இலவச சட்ட உதவி எண். காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அவர்கள் அலுவலகம் இருக்கும். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. முதல் ரிமாண்டுக்கு யாருமே இல்லாமல் நிற்பதைவிட அவர் ஆயிரம் மடங்கு மேல்.

கைது என்றால் கைதுக் குறிப்பாணை இருக்க வேண்டும். அதில் தேதி, நேரம், குடும்பத்தில் ஒருவர் அல்லது அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். மேற்கு வங்கத்தின் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகளில் இது ஒன்று, இப்போது பி.என்.எஸ்.எஸ். 36இல் இருக்கிறது. உங்களைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால், நேரம் சரியா என்று பாருங்கள். ராத்திரி 9.40க்குக் கூட்டிப்போனவரை மறுநாள் மாலை 5 மணிக்குக் கைது என்று எழுதியிருந்தால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், உண்மையான நேரத்தைக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கைதுக்கான காரணத்தையும், அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும். எல்லா வகைக் குற்றத்துக்கும் இது பொருந்தும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலீஷில் ஒரு தாளை நீட்டினால், "தமிழில் கொடுங்க" என்று கேட்கலாம்.

உள்ளே போட்ட ஆளுக்குச் சர்க்கரை, பிரஷர், வலிப்பு என்று ஏதாவது இருந்தால் மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள். இதைச் சாக்காக வைத்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்பது வக்கீல்கள் சொல்லித் தராத ஆனால் எல்லோரும் செய்யும் விஷயம்.

உள்ளே இருப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது

இதை வீட்டில் சாவகாசமாக இருக்கும் ஒரு நாளில் பேசி வையுங்கள். பெயரும் முகவரியும் சரியாகச் சொல்ல வேண்டும். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், அரசியலமைப்பின் 20(3) அதற்குத்தான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அதில் சொன்னதை வைத்து ஒரு பொருளை எடுத்துவிட்டால் அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாக உள்ளே வந்துவிடும். ஆகவே 'செல்லாதுதானே' என்று சொல்லச் சொல்வதையெல்லாம் சொல்லிவிடக்கூடாது. வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது.

டாக்டர், அப்புறம் மாஜிஸ்திரேட்

ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார்கள், அப்புறம் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். இந்த இரண்டு நிறுத்தமும்தான் மொத்த விஷயத்திலும் முக்கியம், இரண்டும் அவசர அவசரமாக நடப்பதும் அதனால்தான். நம் பத்திரிகைகளில் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது' என்று மாவுக்கட்டோடு போட்டோ வரும், கீழே கமெண்டில் ஜனங்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதே இல்லை. ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் ஏன் அவ்வளவு வழுக்குகிறது என்று கேட்டிருந்தால் சில உயிர்களாவது மிஞ்சியிருக்கும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் செத்த கதை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இது: மருத்துவப் பரிசோதனை நடந்தது, ரிமாண்டும் நடந்தது, காகிதத்தில் எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. அவர்கள் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன பிறகுதான் இறந்தார்கள். காகிதம் நிரம்பினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

டாக்டரிடம் அடி எங்கே பட்டது, எதைக்கொண்டு அடித்தார்கள், எப்போது என்று சொல்ல வேண்டும். போலீஸ் பக்கத்தில் நின்றால், "இவர் கொஞ்சம் வெளியே நிற்கட்டும் சார்" என்று டாக்டரிடமே கேட்கலாம். சொன்னது ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கும்போது அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்: "அய்யா, அடித்தார்கள், இங்கே காயம், என்னைக் கூட்டிப்போனது நேற்று ராத்திரி." சட்டையைத் தூக்கிக் காட்டத் தயங்கக்கூடாது. ஞாயிறு, பண்டிகை என்று காரணம் சொல்லி 24 மணி நேரத்தைத் தள்ள முடியாது, லீவு நாளில் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ஆஜர்படுத்துவது வழக்கம். அதனால் நீங்களும் அங்கே வாசலில் இருங்கள். உறவினர் முகத்தைப் பார்த்தால் பையனுக்குப் பேசத் தைரியம் வரும்.

24 மணி நேரம் தாண்டியும் ஆளைக் காட்டவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ போட வேண்டும். மனு தயாராகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததுமே பல சமயம் ரிமாண்ட் நடந்துவிடும். குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டால் கதை வேறு. அது தடுப்புக் காவல், அதில் 24 மணி நேரக் கணக்கு கிடையாது, தனி வக்கீலைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு

அடி விழுந்திருந்தால், சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தால், மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, தமிழில் எழுதலாம். ஆனால் சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் எழுத வேண்டும், அப்புறம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய தண்டனை எல்லாம் அவர்களால் கொடுக்க முடியாது, இழப்பீடும் துறை நடவடிக்கையும் பரிந்துரைப்பார்கள். ரொம்ப எதிர்பார்க்காதீர்கள், ஆனால் எழுதுங்கள்.

ஸ்டேஷன் கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி ஒரு மனுவை உடனே, முடிந்தால் முதல் வாரத்திலேயே, எஸ்.பி.க்கும் கோர்ட்டுக்கும் கொடுங்கள். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சில மாதம் முன்புதான் சாத்தான்குளத்தில், கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதியிருந்தார்.

மனுவோடு என்ன இணைத்தாலும் ஜெராக்ஸ் மட்டும் இணையுங்கள். சித்தி அந்தக் காலண்டர் தாளின் ஒரிஜினலையே வக்கீலிடம் கொடுத்துவிட்டார், இப்போது கேட்டால் வக்கீல் "கட்டுக்குள்ளதான் இருக்கும்மா, தேடித் தர்றேன்" என்கிறார்.