புரதம் கூடிய பயறு ரகத்துக்கு விதை பொறுக்குவது எப்படி?

ஆய்வகத் தாளில் எந்த எண் பெரிதோ அந்த விதையைக் கலப்புக்கு எடுப்பதுதான் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் முதல் தப்பு. புரதம் பார்க்க ஆய்வகங்கள் கையாளும் கெல்டால் முறையில் அளப்பது நைட்ரஜனைத்தான். அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிவிடுகிறார்கள், சோயாவுக்கு 5.71 போடுபவர்களும் உண்டு. ஆகவே ஒரே பெருக்கெண் போட்ட முடிவுகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஈரப்பதத்தையும் கேளுங்கள், 12% ஈரத்தோடு 22% புரதம் காட்டிய விதை, உலர் எடைக்கு மாற்றினால் 25% ஆகிவிடும்.

சரி, எண் ஒழுங்காக வந்துவிட்டது. இனி விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணி பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் கிடைக்காத செடியில் மாவுச்சத்து சரியாகச் சேராது, விதை சுருங்கி நிற்கும், அதனாலேயே புரதச் சதவீதம் ஏறினதுபோலத் தெரியும். புரதம் கூடவில்லை, மற்றது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் சுருங்கின விதையைத் தனியே பிரித்துவிட்டுத்தான் மாதிரி எடுப்பேன்.

அப்புறம் ஒப்பிடும் ரகங்களை ஒரே நிலத்தில், பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில், குறைந்தது இரண்டு பருவமாவது விதையுங்கள். பூக்கும் சமயம் ஓரச் செடி ஒன்றைப் பிடுங்கி, காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் வேர்முடிச்சை நகத்தால் கீறுங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது, பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் செடிக்கு நைட்ரஜன் போதாமல் இருக்கலாம், அந்தப் பாத்தியின் புரத அளவை வைத்து ரகத்தைக் குறை சொல்ல முடியாது.

முக்கியமானது மகசூலையும் புரதச் சதவீதத்தையும் பெருக்கிப் பார்ப்பது. சதுர மீட்டருக்கு 100 கிராம் விளைந்து 28% புரதம் உள்ள ரகம் 28 கிராம்தான் தரும். 150 கிராம் விளையும் 23% ரகம் 34.5 கிராம் தரும். புரதம் ஏறினால் மகசூல் இறங்குவது பயறுகளில் அடிக்கடி நடப்பது, சோயாவில் எண்ணெயும் சேர்ந்து இறங்கும். அதனால் நல்ல மகசூல் தருவதைத் தாயாக வைத்து, புரதம் கூடியதைத் தந்தையாகச் சேர்ப்பேன். கலப்பின் இரண்டாம் தலைமுறையில் ஒற்றைச் செடியின் புரத எண்ணை நம்பிக் கழிக்காதீர்கள், மண்ணும் நீரும் அந்த எண்ணை அவ்வளவு ஆட்டும். நான்காம் தலைமுறை வரை பொறுத்து, வரிசை வரிசையாக அளந்து தேர்ந்தெடுங்கள். துவரையில் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும், வலை போடாமல் ரகத்தூய்மை நிற்காது.

இன்னொன்று, கெல்டாலுக்கு விதையை அரைத்துவிடுவார்கள். பாதியை முன்னாலேயே எடுத்து, பெயரெழுதி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.