பழக்கமில்லாத ரிவெட்டா? ட்ரில்லை எடுக்கும் முன் அதன் நடுவைப் பாருங்கள்

வண்டியின் பிரேமிலிருந்து ஒரு பிராக்கெட்டைக் கழற்றலாம் என்று குனிந்தால் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு தலை மட்டும் தெரியும். பின்பக்கம் கை நுழையாது, ஸ்பேனருக்கும் அங்கே வேலையில்லை. ஒரு பக்கத்திலிருந்தே நடுக்கம்பியை இழுத்துப் பொருத்திய ரிவெட் அது. நான் முதல்முறை இப்படி ஒன்றைப் பார்த்தபோது நேராக ட்ரில்லை வைத்துவிட்டேன். பிட் நடுவிலிருந்த இரும்புக் கம்பியில் வழுக்கிப் பக்கவாட்டில் இறங்க, 4.8 மி.மீ. துளை முட்டை வடிவமாகி, கடைசியில் 6.4-க்குப் பெரிதாக்க வேண்டியதாயிற்று.

அதனால் முதல் வேலை பார்ப்பதுதான். தலைமேல் உள்ள பெயின்டையும் துருவையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் குழி, அதன் ஆழத்தில் உடைந்த கம்பி முனை என்றால் சாதாரண பாப் ரிவெட். கம்பி தலை மட்டத்துக்கு நிரம்பி, அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்ட்ரக்சுரல் ரிவெட். மேக்னா-லாக், மோனோபோல்ட் என்ற பெயர்களில் விற்பவை எல்லாம் இந்த ரகம். இதில் கம்பி உள்ளேயே பூட்டிக்கொள்கிறது, இரண்டு தகடுகளும் சேரும் இடத்தையும் அது தாண்டி நிற்பதால்தான் அவ்வளவு பலம். நடுவில் குழியோ கம்பியோ எதுவுமே இல்லையென்றால் திட ரிவெட், அது வேறு கதை. குழிக்குள் மரை தெரிந்தால் அது ரிவெட் நட், போல்ட் பிடிப்பதற்காக வைத்தது, அதை விட்டுவிடுங்கள். சேஸ் எண் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டையும் தொடாதீர்கள், பல நாடுகளில் அது சட்டச் சிக்கல்.

ரிவெட் அலுமினியமா இரும்பா என்று காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பிரேமே இரும்பாக இருந்தால் காந்தம் எப்படியும் ஒட்டும், அலுமினிய ரிவெட்டிலும் நடுக்கம்பி பெரும்பாலும் இரும்புதான். தலையின் ஓரத்தை அரத்தால் லேசாகக் கீறுங்கள்: அலுமினியம் சட்டென்று வெள்ளையாகத் தேயும், இரும்பு எதிர்த்து நிற்கும்.

அடுத்தது அளவு. உருண்டைத் தலையின் அகலத்தில் ஏறக்குறைய பாதிதான் துளைக்குள் இருக்கும் உடலின் விட்டம். தலை 9.5 மி.மீ. என்றால் ரிவெட் 4.8 ஆக இருக்கும்.

இனி கழற்றலாம். பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிரேமுக்குப் பின்னால் பிரேக் குழாய், எரிபொருள் குழாய், ஒயர் ஏதாவது போகிறதா என்று பாருங்கள். பிட் ஆழமாக இறங்காமலிருக்க அதில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

சாதாரண பாப் ரிவெட் என்றால் 2.5 மி.மீ. பின் பஞ்ச்சை (தட்டித் தள்ள உதவும் மெல்லிய கோல்) குழியில் வைத்து, சுத்தியலால் தட்டி, மிச்சக் கம்பியை முதலில் உள்ளே தள்ளிவிடுங்கள். இந்த ஒரு தட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பி போனபின் பிட்டுக்கு அந்தக் குழியே வழிகாட்டி. உடலின் அளவுள்ள பிட்டை, பெரியதை அல்ல, மெதுவாக ஓட்டுங்கள். தலை கழன்றதும் பிட்டின் மேல் மோதிரம் போல ஏறிச் சுற்றும், அங்கேயே நிறுத்துங்கள். மீதி உடலைப் பஞ்ச்சால் தட்டினால் உள்ளே விழுந்துவிடும். ரிவெட்டே பிட்டோடு சுற்றினால் எவ்வளவு அழுத்தினாலும் வெட்டாது, சூடுதான் ஏறும்; தலையின் ஓரத்தில் உளியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடருங்கள்.

ஸ்ட்ரக்சுரல் வகைக்குப் பொறுமை வேண்டும். கம்பியின் நடுவில் சென்டர் பஞ்ச்சால் நன்றாக ஒரு புள்ளி அடித்து, கட்டிங் ஆயில் விட்டு, 3 மி.மீ. பிட்டால் சில மி.மீ. ஆழம் போங்கள். பூட்டு வளையம் அறுந்துவிட்டால் கம்பி பஞ்ச்சுக்கு இறங்கும். அப்புறம் மேலே சொன்ன அதே வழிதான். பூட்டு அறுபடாமல் ஓங்கி அடித்தால் தகடுதான் வளையும்.

துளையைச் சுத்தம் செய்யும்போது வெள்ளைப் பொடி கண்டால், அலுமினிய ரிவெட்டும் இரும்புத் தகடும் ஈரத்தில் சேர்ந்து அரித்திருக்கின்றன. சுரண்டி எடுத்து, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் துத்தநாக பிரைமர் பூசுங்கள். திரும்பப் போடும்போது கழற்றிய அதே வகை, அதே உலோகம். ஸ்ட்ரக்சுரல் இருந்த இடத்தில் சாதாரண பாப் ரிவெட்டைப் போடவே கூடாது. நீளத்தைப் பழைய துண்டைப் பார்த்து முடிவு செய்யாமல், சேரும் தகடுகளின் மொத்தத் தடிமனை அளந்து வாங்குங்கள். பிரேமுக்குள் விழுந்த துண்டுகளையும் இப்போதே எடுத்துவிடுங்கள், இரும்பைக் காந்தக் கம்பியாலும் அலுமினியத்தை வாக்குவம் குழாயாலும்.