ஆங்கிலம் பேசவைக்கும்போது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டியவை

தோட்டப் பாடசாலைகளுக்குப் புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்களின் ஆங்கில வகுப்பைப் பின் வாங்கில் உட்கார்ந்து பார்ப்பதுண்டு. எங்கள் காலத்துப் பிழைகளேதான் இன்னமும் நடக்கின்றன. ஏசுவது, அடிப்பது பற்றி எழுதப்போவதில்லை. அது கூடாதென்று எல்லோருக்கும் தெரியும்.

பேச்சின் நடுவே திருத்துவது

இதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஹட்டன் பக்கம் தரம் 8 வகுப்பொன்று. ஒரு பிள்ளை எழுந்து, மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "யெஸ்டர்டே மை மதர் கோ டு..." என்று தொடங்கினாள். "கோ இல்லை, வென்ட்!" என்றார் சேர். "வென்ட் டு..." அவ்வளவுதான், மேலே வரவில்லை. அம்மா எங்கே போனார் என்று யாரும் கேட்கவுமில்லை. பாடம் முடிந்து அவள் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அதே சொல்லைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள்!

அவளுக்கு இலக்கணம் தெரியும். பேசும்போது சொல்லைத் தேட வேண்டும், ஒழுங்காக அடுக்க வேண்டும், உச்சரிக்கவும் வேண்டும். மூளை ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடியது கொஞ்சம்தான். 'சிரிப்பார்களே' என்ற பயம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் தெரிந்த சொல்லும் வாய்க்கு வராது. 1986இல் எலைன் ஹோர்விட்ஸும் இன்னும் இரு ஆய்வாளர்களும் மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகளைத் தொகுத்தார்கள். விடுகிற ஒவ்வொரு பிழையையும் ஆசிரியர் திருத்தக் காத்திருக்கிறார் என்ற பயமும் அவற்றில் ஒன்று. அந்த வகுப்பிலோ, அவளுக்குப் பின் ஒருவரும் கை உயர்த்தவில்லை.

முதலில் பேசி முடிக்க விடுங்கள். அப்புறம், "ஓ, யுவர் மதர் வென்ட் டு டவுன்?" என்று சரியான வடிவத்தை உங்கள் பதிலில் வைத்துச் சொல்லுங்கள். பலரும் விடுகிற பிழை என்றால் குறித்துவைத்து, யார் பெயரையும் சொல்லாமல் பாடத்தின் கடைசியில் கரும்பலகையில் எழுதலாம்.

கேட்டவுடன் பதில் எதிர்பார்ப்பது

மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்.

நகரத்துப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது

வேண்டவே வேண்டாம்.

வரிசையாக எழுப்பிப் பேசவைப்பது

தன் முறை நெருங்க நெருங்க, பிள்ளை தன் வசனத்தையே முணுமுணுத்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் பேசுவது காதில் விழாது. லயத்து வீட்டில் ஆங்கிலம் கேட்டே பழகாத பிள்ளைக்கு இந்தப் பதற்றம் இன்னும் கூடும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிடுங்கள், பிறகு நால்வராக. வகுப்பின் முன்னால் வந்து பேசுவதை, விரும்பிக் கை உயர்த்துகிறவர்களிடமிருந்து தொடங்கலாம்.