டிராயர் கழலாமல், தொய்யாமல் இருக்க: முதல்முறை செய்பவர்களுக்கு

டிராயர் கெடுவது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான். இழுத்து இழுத்து முன்பலகை கழன்றுவிடும். அல்லது பாரம் தாங்காமல் அடிப்பலகை தொய்ந்து இறங்கிவிடும். இந்த இரண்டையும் செய்யும்போதே கவனித்துவிட்டால், சாதாரண பிளைவுட் டிராயர்கூடப் பல வருடம் உழைக்கும்.

அளவு

அலமாரியின் உள்அகலம் 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் பொருத்தும் பால்பேரிங் சேனலுக்கு (டிராயர் ஓடும் உலோகத் தடம்) ஒரு பக்கத்துக்குச் சுமார் 12.7 மி.மீ. இடம் வேண்டும். ஆகவே பெட்டியின் வெளிஅகலம் 424. பக்கப்பலகைகள் 12 மி.மீ. பிளைவுட் என்றால், அவற்றுக்கு நடுவில் வரும் முன்பலகையும் பின்பலகையும் 400 நீளம். சேனலை முதலில் வாங்கி, அதை அளந்த பிறகே மரத்தை அறுங்கள்.

காடி

இரண்டு பக்கப்பலகைகளிலும் முன்பலகையிலும், கீழ்விளிம்பிலிருந்து 12 மி.மீ. விட்டு, 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி, அதாவது அடிப்பலகையின் விளிம்பு உட்காரும் நீளப் பள்ளம், எடுங்கள். காடியின் அகலம் அடிப்பலகையின் கனத்துக்கு (இங்கே 6 மி.மீ.) சரியாக இருக்கட்டும். சில பிளைவுட்கள் 6 என்று விற்றாலும் கொஞ்சம் மெலிதாக இருக்கும், அதனால் துண்டு மரத்தில் வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பை ஒட்டிக் காடி எடுத்தால் கீழே மிஞ்சும் மரம் பிளந்துவிடும்.

அடிப்பலகையைக் கீழிருந்து ஆணி அடித்து நிறுத்துவது வேண்டவே வேண்டாம். உள்ளே வைக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த ஆணியை உருவிக்கொண்டே இருக்கும். காடியில் உட்கார்ந்த பலகையின் பாரத்தை மரமே ஏற்கிறது.

பின்பலகைக்குக் காடி தேவையில்லை. அதன் உயரத்தில் 18 மி.மீ. குறைத்துவிட்டால் அடிப்பலகை பின்னாலிருந்து வழுக்கிக்கொண்டு நுழையும். அடிப்பலகையின் அகலம் 411 போதும், ஒரு மி.மீ. தளர்வு இருந்தால்தான் சிக்காமல் போகும்.

மூலைகள்

முன்பலகை பக்கப்பலகைகளுக்கு நடுவில் வரட்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பக்கப்பலகையின் வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டால், டிராயரை இழுக்கும் விசை ஸ்க்ரூவுக்குக் குறுக்காக விழும், உருவிக்கொண்டு வராது. முன்பலகையின் முகத்திலிருந்து பின்னோக்கிப் போட்டால் ஒவ்வொரு இழுப்பும் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும். கனமான மரத்தில் செய்பவர்கள் புறாவின் வால் வடிவ இணைப்பு (டவ்டெய்ல்) வெட்டுவதும் இதற்காகத்தான்: சரிந்த பற்கள் இழுவையை மரத்தாலேயே தடுக்கின்றன. கை பழகியதும் அதற்குப் போகலாம்.

மூலைக்கு மூன்று ஸ்க்ரூ, 3.5 × 35 மி.மீ. முதலில் 2.5 மி.மீ. துளை போடுங்கள்; இல்லையென்றால் பிளைவுட்டின் அடுக்கு விரியும். பசையை இரு முகத்திலும் தடவி, கிளாம்ப் போட்டு, ஈரம் காயும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால், நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கிளாம்பால் லேசாக அழுத்தினால் நேராகிவிடும். கோணலாகக் காய்ந்த பெட்டி சேனலில் எப்போதும் இடிக்கும்.

பலப்படுத்துதல்

அடிப்பலகையை நுழைத்து, பின்பலகையின் கீழ்விளிம்பில் மூன்று சிறிய ஸ்க்ரூ போடுங்கள். பிறகு டிராயரைக் கவிழ்த்து, அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் சிறு மரக்கட்டைகளைப் பசை வைத்து ஒட்டுங்கள். பத்து நிமிட வேலைதான், தொய்வு வெகுவாகக் குறையும். டிராயர் 600 மி.மீ.க்கு மேல் அகலமென்றால் 9 மி.மீ. அடிப்பலகை போடுங்கள், அல்லது நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுங்கள்.

அடிப்பலகை முழு மரமாக இருந்தால் பசையும் கட்டைகளும் கூடாது. ஈரத்துக்கு அது விரியும், காய்ந்தால் சுருங்கும், கட்டிப்போட்டால் வெடிக்கும். ரேகை பக்கவாட்டில் ஓடும்படி வைத்து, பின்னால் மட்டும் நீள்துளையில் ஒரு ஸ்க்ரூ போடுங்கள்.

பசை நன்றாக இறுக ஒரு நாள் விடுங்கள். அதன் பிறகு சேனலை மாட்டி, முன்பலகையின் மேல் வரும் அலங்கார முகப்பை டிராயரின் உள்ளிருந்து நான்கு ஸ்க்ரூவால் பூட்டுங்கள். கைப்பிடியின் ஸ்க்ரூ முகப்பு, முன்பலகை இரண்டையும் சேர்த்துத் துளைத்துப் போகும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும்.