லூம் பேண்ட் எத்தனை வேண்டும்? தொடங்கும் முன் கணக்கிடுவது எப்படி

பை நிறைய லூம் பேண்ட், அதாவது பிரேஸ்லெட் பின்னும் சின்ன ரப்பர் வளையங்கள், கிடப்பதைப் பார்த்தால் தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும். முக்கால்வாசி வேலை முடிந்த பிறகு கருப்பு தீர்ந்துவிடும். இளஞ்சிவப்பும் பச்சையும் இன்னும் அள்ள அள்ள இருக்கும், ஓரத்துக்கு வேண்டிய கருப்பு மட்டும் இருக்காது. அதனால் மொத்தம் எத்தனை என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த நிறத்தில் எத்தனை என்று பிரித்துப் போடும் கணக்குதான் உண்மையில் உதவும். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதல் படி: மணிக்கட்டை அளங்கள்

தையல் டேப்பை மணிக்கட்டைச் சுற்றி, இறுக்காமல் வைத்து சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்து அளக்கலாம். ரப்பர் இழுபடும் என்பதால் பிரேஸ்லெட்டுக்குத் தனியாக நீளம் கூட்ட வேண்டாம். மணிக்கட்டின் அளவே போதும்.

இரண்டாம் படி: சின்ன மாதிரி ஒன்று போடுங்கள்

இதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு கம்பெனி பேண்டின் தடிமனும் இழுவையும் வேறு வேறு. ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்வாகப் பின்னுவார். அடுத்தவர் சொல்லும் எண்ணிக்கை உங்கள் கைக்கு அப்படியே பொருந்தாது.

ஃபிஷ்டெயில் பின்னலை எடுத்துக்கொள்வோம். முதல் பேண்டை எட்டு போல முறுக்கி லூமின் இரண்டு முளைகளில் (பேண்டை மாட்டும் சின்னக் குச்சிகள்) மாட்டி, அதன்மேல் இரண்டு பேண்டை முறுக்காமல் போட்டு, அடியில் உள்ளதை இரண்டு பக்கமும் தூக்கி நடுவுக்குக் கொண்டுவருவோம். அப்புறம் ஒவ்வொரு புது பேண்டுக்கும் இதையே திரும்பச் செய்வோம். மாதிரிக்கு 10 நீலம், 10 மஞ்சள், மறுபடி 10 நீலம் என்று போடுங்கள். பின்னலை முளையிலிருந்து கழற்றி மேஜையில் இழுக்காமல் படுக்கவைத்து, நடுவில் உள்ள மஞ்சள் பகுதியை மட்டும் அளங்கள். இரண்டு முனைகளிலும் பின்னல் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அங்கே அளந்தால் கணக்கு தப்பும்.

மஞ்சள் 3 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். 10-ஐ 3-ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 3.3 பேண்ட். மணிக்கட்டு 15 செ.மீ. என்றால் 15 × 3.3, ஏறக்குறைய 50 பேண்ட். அதே பின்னலைப் பெரியவர்களின் 17 செ.மீ. கைக்குப் போட்டால் 57 வரை போகும். மூன்று நிறம் மாறி மாறி வரும் என்றால் 50-ஐ 51 ஆக்கி, நிறத்துக்கு 17 என்று பிரித்துவிடுங்கள். மாதிரி வீணாகாது. கடைசியாகப் போட்ட முனையிலிருந்து பிரித்து அதே பேண்டுகளைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

மூன்றாம் படி: சட்டத்தில் பின்னும்போது முளைகளை எண்ணுங்கள்

முளைகள் வரிசையாக நிற்கும் லூம் சட்டத்தில் பின்னும் வடிவங்களுக்கு மாதிரியே வேண்டாம், எண்ணினால் போதும். அமெரிக்காவின் மிச்சிகனில் வசித்த சூன் இங் என்ற மலேசியப் பொறியாளர், மகள்கள் ரப்பர் பேண்டில் வளையல் செய்வதைப் பார்த்து, மரப்பலகையில் ஊசிகளைக் குத்தி 2010-இல் செய்த மாதிரியிலிருந்து வளர்ந்ததுதான் ரெயின்போ லூம் என்ற சட்டம். அந்தச் சட்டத்தில் வரிசைக்கு 13 முளை வீதம் மூன்று வரிசை.

ஒற்றைச் சங்கிலிக்கு இரண்டு வரிசையில் வளைந்து வளைந்து போவோம். மொத்தம் 26 முளை. ஒரு முளையிலிருந்து அடுத்ததற்கு ஒரு பேண்ட் என்பதால், முளைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் 25 பேண்ட். ஒவ்வோர் இடத்திலும் இரண்டிரண்டாகப் போட்டால் 50. பெரியவர்களின் கைக்கு இது எட்டாமல் போகலாம், முனையில் சில பேண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து நீட்ட வேண்டும்.

நிறக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று, நட்சத்திரங்கள் வரிசையாக வரும் ஸ்டார்பர்ஸ்ட் பிரேஸ்லெட் செய்யும்போதுதான் தெரியும். அதில் ஆறு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 6 பேண்ட், ஆக 36. ஓரத்துக்கு இடப்பக்கம் 13, வலப்பக்கம் 13, ஆக 26. நட்சத்திரங்களின் நடுவில் ஆறும் கடைசி முளையில் ஒன்றுமாக மூடும் பேண்ட் 7. கூட்டினால் 69. பின்னல் கழன்று வந்ததும் சுருங்கும், நீட்டிக்க இன்னும் 10 வைத்துக்கொள்ளுங்கள், 79.

இப்போது நிறமாகப் பிரியுங்கள். ஓரம், மூடி, நீட்டிப்பு மூன்றும் கருப்பு என்றால் 26 + 7 + 10 = 43 கருப்பு. நட்சத்திர நிறங்களோ ஆளுக்கு 6 மட்டும். 600 பேண்ட் உள்ள கலவைப் பையில் 12 நிறம் சமமாக இருந்தால் ஒரு நிறத்தில் 50தான். 600 இருந்தும் கருப்பு ஓரம் வைத்து ஒரு ஸ்டார்பர்ஸ்டுக்குமேல் செய்ய முடியாது! ஐந்து பேருக்குச் செய்வதாக இருந்தால் 215 கருப்பு வேண்டும். கலவைப் பை இன்னொன்று வாங்குவதைவிடக் கருப்பு மட்டும் உள்ள பை ஒன்று வாங்குவதே நல்லது.

நான்காம் படி: உபரி

அறுந்துபோவது, பிசிறுள்ளது, பையில் ஒட்டிக்கிடப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒவ்வொரு நிறத்திலும் பத்துக்கு ஒன்று கூடுதலாக வையுங்கள். 43 என்றால் 48. வெயிலில் கிடந்த பழைய பேண்ட் என்றால் ஐந்துக்கு ஒன்று வைப்பேன், வெயிலும் சூடும் பட்ட ரப்பர் சீக்கிரம் இற்றுவிடும். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தாலும் இதே அளவு உபரி தேவை. 20 பிள்ளைகள், ஆளுக்கு 50 என்றால் 1000, உபரியோடு 1200.

கையில் இருப்பதை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. ஒரே கம்பெனியின் பேண்டில் 100 எண்ணி எடை போடுங்கள், அப்புறம் அந்த நிறம் முழுவதையும் எடை போட்டு வகுத்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். ஆனால் முழு கிராம் மட்டும் காட்டும் சமையல் தராசு இதற்கு உதவாது. பேண்ட் அவ்வளவு லேசு. கிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும்.

பொம்மை செய்யும்போது

குரோஷே ஊசியால் உருண்டையாகப் பின்னும் பொம்மைகளுக்கு ஒரு தையலுக்கு ஒரு பேண்ட் என்று வைத்து, செய்முறையில் உள்ள சுற்றுகளைக் கூட்டுங்கள். 6, 12, 18, 18, 18, 12, 6 என்று போகும் சிறு தலைக்கு 90. சில முறைகளில் சுற்றை முடிக்க ஒரு பேண்ட் கூடுதலாகப் போகும், ஏழு சுற்றுக்கு 7 சேர்த்து 97 என்று எழுதிவையுங்கள். கண், மூக்கு, காது தனி நிறம் என்றால் அவற்றைத் தனி வரியில் எழுதுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய பையிலிருந்து ஒரு பேண்டை எடுத்துப் போங்கள். புதியதை அதன் பக்கத்தில் வைத்து அகலத்தையும் இழுவையையும் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் இரண்டையும் ஒரே பின்னலில் கலக்காதீர்கள், புதியதற்குத் தனியாக மாதிரி போட்டுக் கணக்கிடுங்கள்.