தாது எவ்வளவு அடம் பிடிக்கும்? பாண்ட் டெஸ்ட் செய்யும் முறை

கோலார், ஹட்டி பக்கத்துத் தங்கத் தாது பெரும்பாலும் குவார்ட்ஸ் கலந்த கல். கையில் எடுத்துப் பார்த்து "இது லேசா அரையும்" என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. ஒரு டன் தாதுவை அரைக்க எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். எங்கள் லேபில் அதற்கென்றே ஒரு சின்ன பால் மில் (Ball mill, உள்ளே குண்டுகள் உருண்டு தாதுவை அரைக்கும் உருளை) இருக்கிறது. அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியில் இருந்த ஃப்ரெட் பாண்ட் வகுத்த முறைதான் இன்றும் நடைமுறை. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மாஸ்க். கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்க வயலில் வளர்ந்த எனக்கு, கல் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குவார்ட்ஸ் தூசி பறக்கிற வேலை இது.

பத்துக் கிலோ தாது போதும். மொத்தமும் 3.35 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். ஒரேயடியாக கிரஷரில் நசுக்கி எடுக்காதீர்கள். கொஞ்சம் நசுக்கி, சலித்து, மேலே நின்றதை மட்டும் திரும்பப் போடுங்கள். இல்லையென்றால் தூள் அதிகமாகி, மில் செய்யாத வேலைக்கும் மில்லே பெயர் வாங்கிவிடும். பிறகு தாதுவைச் சம பங்காகப் பிரிக்கும் ரிஃபிள் பெட்டியில் பிரித்து, ஒரு பங்கை சல்லடை வரிசையில் போட்டு, 80 விழுக்காடு இறங்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் அது 2300 மைக்ரான்.

அடுத்ததுதான் பலர் அவசரப்படுகிற இடம். அளவுக் குடுவையில் 700 சிசி வரும்வரை தாதுவைத் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். படியில் அரிசி அளப்பவர் குலுக்கினால் ஒரு கணக்கு, குலுக்காவிட்டால் ஒரு கணக்கு, இதுவும் அப்படித்தான். மட்டம் இனி இறங்காது என்கிறவரை தட்டுங்கள். பிறகு எடை போடுங்கள். 1260 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 3.5ஆல் வகுத்தால் 360. ஒவ்வொரு தடவையும் மில்லில் இருந்து இவ்வளவு தூள் வரவைப்பதுதான் குறி. அதாவது தூளாகி வெளியேறுவது ஒரு பங்கு என்றால், சல்லடையில் நின்று திரும்ப மில்லுக்குப் போவது இரண்டரைப் பங்கு. இதைத்தான் 250 விழுக்காடு திரும்பிச் சுற்றும் பளு என்பார்கள்.

மில் 305 மில்லிமீட்டர் விட்டம், அதே நீளம், உள்ளே வழவழப்பு, நிமிடத்துக்கு 70 சுற்று. குண்டுகள் ஐந்து அளவில் 285, மொத்த எடை 20.125 கிலோ. குண்டு தேயும், அதனால் எடையை அவ்வப்போது சரிபாருங்கள்.

ஆலையில் 75 மைக்ரான் வாக்கில் அரைக்கப் போகிறார்கள் என்றால் 106 மைக்ரான் சல்லடை எடுங்கள். அளந்து வைத்த 1260 கிராமையும் குண்டுகளோடு மில்லில் போட்டு, முதல் தடவை 100 சுற்று. கொட்டிச் சலியுங்கள். 236 கிராம் இறங்கியது என்றால், அதில் தாதுவோடு ஏற்கெனவே வந்த தூளைக் கழிக்க வேண்டும். பத்து விழுக்காடு என்றால் 126. மிச்சம் 110 கிராம், சுற்றுக்கு 1.10. இறங்கிய தூளை எடுத்துவிட்டு, அதே 236 கிராம் புதுத் தாதுவைச் சேர்த்து, மேலே நின்றதோடு மில்லில் போடுங்கள். புதுத் தாதுவில் 23.6 கிராம் தூள் இருக்கிறது. 360இல் அதைக் கழித்து 1.10ஆல் வகுத்தால் 306 சுற்று. இப்படியே போய்க்கொண்டிருக்க வேண்டும். சுற்றுக்கு வரும் கிராம் ஏறியோ இறங்கியோ போய், திசை மாறி, ஒரு இடத்தில் நிலைக்கும். கடைசி மூன்றும் ஒன்றுக்கொன்று 3 விழுக்காட்டுக்குள் இருந்தால் சராசரி எடுங்கள். நம் தாதுவுக்கு 1.20 என்று வைப்போம்.

சல்லடைக் கண் அடைத்திருந்தால் இந்த எண் பொய் சொல்லும். மெல்லிய பிரஷால் அடியில் இருந்து தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் மேலே நின்றது, கீழே இறங்கியது இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 1260க்கு வெகுவாகக் குறைந்தால் எங்கோ சிந்தியிருக்கிறது.

கடைசித் தூளையும் சல்லடை வரிசையில் போட்டு 80 விழுக்காடு அளவை எடுங்கள். 76 மைக்ரான் என்போம். இனி கணக்கு. 106ஐ 0.23 அடுக்குக்கு உயர்த்தினால் 2.92. 1.20ஐ 0.82 அடுக்குக்கு உயர்த்தினால் 1.16. பத்தை 76இன் வர்க்கமூலத்தால் வகுத்ததில் இருந்து, பத்தை 2300இன் வர்க்கமூலத்தால் வகுத்ததைக் கழித்தால் 0.939. மூன்றையும் பெருக்கி, 49.05ஐ அதனால் வகுங்கள். விடை டன்னுக்கு 15.4 கிலோவாட் மணி. இதுதான் பாண்ட் வொர்க் இன்டெக்ஸ், தாது எவ்வளவு அடம் பிடிக்கும் என்று சொல்லும் எண். பழைய புத்தகங்களில் 49.05க்குப் பதில் 44.5 இருக்கும். அது அமெரிக்க ஷார்ட் டன் கணக்கு, கலந்துவிடாதீர்கள்.

14க்கு மேல் போனாலே கடினத் தாது என்பேன். 2300இல் இருந்து 76 மைக்ரானுக்கு அரைக்க, 15.4ஐ அதே 0.939ஆல் பெருக்கினால் டன்னுக்கு சுமார் 14.5 கிலோவாட் மணி. மணிக்கு 100 டன் ஆலையில், உங்கள் எண் ஒரே ஒரு அலகு தவறினாலும் 94 கிலோவாட் மோட்டார் தவறுகிறது. குடுவையைத் தட்டச் சொன்னேனே, இதற்குத்தான்.

ரிப்போர்ட்டில் 15.4 என்று மொட்டையாக எழுதாதீர்கள். பக்கத்திலேயே 106 மைக்ரான் சல்லடை என்று போடுங்கள். அதே தாது வேறு சல்லடையில் வேறு எண் தரலாம். பெரிய கல்லையே உள்ளே தள்ளி, கல்லோடு கல்லும் குண்டும் மோதி அரைக்கிற சாக் (SAG) மில்லுக்கு இந்த டெஸ்ட் மட்டும் போதாது. அதற்கு, கல்லின் மேல் எடையை விழவைத்து உடைத்துப் பார்க்கும் டிராப் வெயிட் டெஸ்டும் கேட்டு வாங்குங்கள்.