வான்கோழி வேகும் நான்கு மணி நேரம்

அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் திருநாள் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும். அன்று நூலகங்கள் பூட்டியிருக்கும். பல ஊர்களில் புதன் மாலையே சீக்கிரம் மூடிவிடுவார்கள். விடுமுறையில் படிக்க, செவ்வாய்க்குள் புத்தகம் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு வருடம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் சொல்கிறேன்.

அன்றைய விருந்துக்கான வான்கோழிக்கும் இதே கதைதான், முன்கூட்டியே தொடங்க வேண்டும். உறைந்த பறவை ஃபிரிட்ஜில் இளக, நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். 15 பவுண்டு என்றால் ஞாயிறன்றே ஃப்ரீசரிலிருந்து இறக்குங்கள். ஓவனில் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கறியின் உள்சூடு 165 டிகிரி வந்ததா என்று தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

அந்த நான்கு மணி நேரம் படிக்கத்தான். டைமர் வைத்துக்கொள்ளுங்கள், சமையலறையிலேயே நாற்காலி போடுங்கள். இந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர். அதிபர் லிங்கன் 1863-ல் அறிவித்தார். ஆக, எழுத்தால் வந்த விடுமுறை, படிப்பதில் தப்பில்லை.

அப்புறம், கடை ரசீதின் பின்புறம் யாருக்காவது ஒரு வரி நன்றி எழுதி அதையே பக்க அடையாளமாகச் செருகுவது என் பழக்கம். நூலகப் புத்தகம் என்றால் திருப்பித் தரும்முன் எடுத்துவிடுங்கள்.